கல்லூரிக்கு லேப்டாப் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவுன்சிலிங் முடிந்து சீட் உறுதியானதும் வீட்டில் அடுத்த பேச்சு லேப்டாப்தான். கடைக்குப் போனால் "பட்ஜெட் எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எந்தப் படிப்பு, எந்த மென்பொருள், லேப்டாப்பைத் தினமும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்துகொண்டு போனால், அதே பணத்தில் நல்ல பொருளாக வாங்கலாம்.

கல்லூரி திறக்கும் முன்பே வாங்கிவிட வேண்டுமா?

பெரும்பாலானோருக்கு அந்த அவசரம் இல்லை. பொறியியலில் முதல் செமஸ்டர் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் என்றே போகும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் என்ற நிரல்மொழி இருந்தது. ஆனால் அந்த அளவு பைத்தான் எந்த லேப்டாப்பிலும் ஓடும், லேபிலும் கணினி இருக்கும்.

வகுப்பு தொடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து, உங்கள் துறையின் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் இதைக் கேளுங்கள்: எந்தெந்த மென்பொருளைச் சொந்த லேப்டாப்பில் போட வேண்டியிருந்தது, எது லேபிலேயே முடிந்தது, இப்போது வாங்கினால் அவர் எதை மாற்றி வாங்குவார். சில கல்லூரிகள் குறைந்தபட்ச அளவை எழுத்திலேயே தருகின்றன. அப்படி ஒரு பட்டியல் இருந்தால் அதுதான் முதல் ஆதாரம்.

கட்டடக்கலை, அனிமேஷன் போன்ற படிப்புகளில் முதல் மாதத்திலிருந்தே கணினி வேலை வரலாம். அங்கே தள்ளிப்போடாதீர்கள்.

விலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஜூன், ஜூலையிலும் தீபாவளியை ஒட்டியும் தள்ளுபடி வரும். ஆனால் 2025 இறுதியிலிருந்து ரேம் (தற்காலிக நினைவகம்) சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியிருக்கிறது. ஆகவே சில மாதம் காத்திருந்தால் விலை குறையும் என்ற பழைய கணக்கை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அரசு லேப்டாப் கிடைக்கும் என்கிறார்கள். தனியாக வாங்கத் தேவையா?

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி தந்தார்கள். 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக அறிவித்தார்கள். உங்கள் கல்லூரியும் ஆண்டும் அதில் வருகிறதா என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு செலவு செய்யுங்கள்.

கலை, வணிகவியல், அறிவியல் மாணவர்களுக்கு அது கையில் வந்தால் வேறு வாங்கவே தேவையில்லை. கணினி அறிவியல் மாணவர்களும் முதல் இரண்டு ஆண்டை அதிலேயே ஓட்டிவிட்டு, மூன்றாம் ஆண்டில் தேவை தெளிவானதும் வாங்கலாம். குடும்பத்துக்கு ஒரு பெரிய தொகை அந்த இரண்டு ஆண்டும் மிச்சம்.

பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. மாணவர்களுக்கு எது போதும்?

வேர்டு, எக்செல், பவர்பாயின்ட், டேலி, பிரௌசர், ஆன்லைன் வகுப்பு. இதற்கு இன்றைய ஐ3 அல்லது ரைசன் 3 செயலி (கணினியின் மூளை), 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வட்டு) போதும். பின்னால் ரேம் கூட்ட, அதைச் செருகும் ஸ்லாட் ஒன்று காலியாக இருப்பது அவசியம். பணம் மிஞ்சினால் செயலியில் போடாமல் நல்ல திரையில் போடுங்கள். டேலி விண்டோஸில் ஓடும் மென்பொருள் என்பதால் பி.காம். மாணவர்கள் மேக்புக் பக்கம் போக வேண்டாம்.

பொறியியலில் எந்தத் துறைக்கு எது?

கணினி அறிவியல், ஐடி, செயற்கை நுண்ணறிவு: 16 ஜிபி ரேம் கட்டாயம். விஎஸ் கோடு, பத்துப் பதினைந்து டேப் திறந்த குரோம், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் ஒரு எமுலேட்டர் (கணினிக்குள் ஓடும் மாதிரிக் கைபேசி), பின்னால் டாக்கர் என்று ஒன்றாகத் திறந்தால் 8 ஜிபி மூச்சு முட்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் படிப்பு நிற்காது. செமஸ்டர் ப்ராஜெக்ட் அளவுக்குச் செயற்கை நுண்ணறிவு மாடலுக்குப் பயிற்சி தர, கூகுள் கோலாப் என்ற இணையச் சேவை இலவசமாகவே ஜிபியு (கிராபிக்ஸ் செயலி) தருகிறது.

ஈசிஇ, ட்ரிபிள்இ: மேட்லாப், புரோட்டியஸ், கெய்ல், விவாடோ. இதில் விவாடோதான் இடத்தை விழுங்கும். தேவையான சில்லு வகைகளை மட்டும் டிக் செய்து நிறுவினாலும் பல பத்து ஜிபி போகும். ஆகவே 512 ஜிபிக்குக் குறையாத எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம். கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை.

மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர்: சாலிட்வொர்க்ஸ், கட்டியா, ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ், ஆன்சிஸ். தனி கிராபிக்ஸ் கார்டு உண்மையிலேயே உதவும் இடம் இதுதான். 6 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் உள்ள கார்டு, 16 ஜிபி ரேம், விண்டோஸ். ஆட்டோகேடில் 2டி வரைபடம் மட்டும் என்றால் கார்டு இல்லாமலே ஓடும். ரெண்டரிங் தொடங்கும்போதுதான் இல்லாதது தெரியும். ஆட்டோடெஸ்க் மென்பொருள்கள் மாணவர்களுக்கு இலவசம். கல்லூரியில் படிப்பதற்கான சான்றைப் பதிவேற்றிப் பெறலாம். கிராக் செய்த பிரதி போடுபவர்கள் கூடவே வைரஸையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஐ5 வாங்குவதா, ஐ7 வாங்குவதா?

ஸ்டிக்கரில் உள்ள 5, 7 என்ற எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதற்குப் பின்னால் வரும் முழு எண்ணையும் கடைசி எழுத்தையும் படிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. இன்டெல் ஐ5-1235யு, ஐ7-1255யு இரண்டிலும் இருப்பது ஒரே கணக்குதான்: இரண்டு பெரிய கோர் (செயலிக்குள் வேலை செய்யும் தனிப் பிரிவு), எட்டுச் சிறிய கோர், 12 எம்பி கேஷ் (செயலிக்குள் உள்ள சிறு நினைவகம்). வேகத்தில் சிறு வித்தியாசம், உள் கிராபிக்ஸில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. இதற்காகக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ரேமுக்கோ திரைக்கோ மாற்றினால் தினமும் பலன் தெரியும். அதே சமயம் ஐ5-13420எச் செயலியில் நான்கு பெரிய கோர், நான்கு சிறிய கோர். மொத்தம் எட்டுதான் என்றாலும், கனமான வேலையில் மேற்சொன்ன ஐ7-ஐ முந்திவிடும். 'யு' என்பது மின்சாரம் குறைவாக எடுக்கும் ரகம், பேட்டரிக்கு நல்லது. 'எச்' கூடுதல் மின்சாரம் எடுத்து நீண்ட நேரம் வேகமாக ஓடும், சூடும் ஃபேன் சத்தமும் கூட வரும்.

ஏஎம்டியில் 2023-இல் வந்த நான்கு இலக்கப் பெயர்களில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசன் 5 7520யு-வில் மூன்றாவது இலக்கம் 2. அதாவது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, நான்கு கோர்தான். 7530யு என்றால் ஜென் 3, ஆறு கோர். எண்ணில் பத்து வித்தியாசம், உள்ளே ஒரு தலைமுறை வித்தியாசம். இரண்டும் "ரைசன் 5, 7000 சீரிஸ்" என்றே விளம்பரத்தில் வரும். 7640எச்எஸ் என்றால் ஜென் 4.

இன்டெல் பெயரை மாற்றிய பிறகு வந்த 'கோர் 5 120யு' போன்றவை, 'அல்ட்ரா' என்ற சொல் இல்லாவிட்டால் பெரும்பாலும் 13-ஆம் தலைமுறை வடிவமைப்பேதான். மோசமான செயலி இல்லை. புதியது என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் மட்டும் தராதீர்கள். 'ஐ3-என்305'-இல் எட்டுக் கோர் என்று போட்டிருக்கும், எட்டும் சிறிய கோர். எழுத, படிக்கச் சரி. நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்புக்கு வேண்டாம்.

8 ஜிபி ரேம் போதும், பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்கிறாரே கடைக்காரர்?

கூட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் சில்லுகளை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். விவரப் பட்டியலில் எல்பிடிடிஆர்5 என்று 'எல்பி' சேர்ந்து வந்தால் அநேகமாக அது பற்றவைத்ததுதான். வாங்கும் நாளில் இருப்பதுதான் நான்கு ஆண்டுக்கும். அந்த வகையில் 8 ஜிபி வாங்கவே கூடாது.

டிடிஆர்4, டிடிஆர்5 என்று மட்டும் இருந்தால் ஸ்லாட் இருக்க வாய்ப்புண்டு. இதில் மூன்று வகை வரும். இரண்டு ஸ்லாட் இருந்து ஒன்று காலியாக இருந்தால் அதுதான் சிறந்தது. 8 ஜிபி பற்றவைத்துக் கூடுதலாக ஒரு ஸ்லாட் விட்டிருந்தாலும் நல்லதே, இன்னொரு 8 ஜிபி போட்டால் 16. ஒரே ஸ்லாட்தான் இருந்து அதில் 8 ஜிபி செருகியிருந்தால், கூட்டும்போது பழையதைக் கழற்றி வீணாக்க வேண்டிவரும்.

கடையில் வைத்திருக்கும் மாதிரி லேப்டாப்பிலேயே பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரியில் இரண்டில் ஒன்று என்று காட்டினால் ஒன்று காலி. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அது பற்றவைத்தது, அங்கே ஸ்லாட் எண்ணிக்கையை நம்ப முடியாது. தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலின் விவரத்தாளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒற்றை ரேமுக்குப் பதில் இரண்டாகப் போட்டால் செயலி இரண்டு பாதையில் படிக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் ரேமையே கிராபிக்ஸுக்கும் பயன்படுத்துவதால், அங்கே இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ரேம் வாங்கும்போது: டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். லேப்டாப்புக்கு எஸ்ஓ-டிம் என்ற சின்ன வகை. பொருத்தும் முன் லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்ற வேண்டும். சாய்வாகச் செருகி, தங்க நிறத் தொடுமுனைகள் உள்ளே போனதும் கீழே அழுத்தினால் இரு பக்கக் கொக்கியும் 'டக்' என்று பிடிக்கும். பிடிக்காமல் மேலே எழும்பினால் முழுதாக உள்ளே போகவில்லை. கருந்திரை வருவதற்கு முதல் காரணம் இதுதான். உத்தரவாதக் காலத்தில் நீங்களே திறக்கலாமா என்பதை அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

512 ஜிபி என்று வாங்கினேன், 476 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார், விண்டோஸ் 1024-இன் பெருக்கலில் எண்ணுகிறது. 512-க்கு 476 சரியான கணக்கு. 256 ஜிபி என்றால் 238 காட்டும், விண்டோஸும் அப்டேட்டும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். 'இஎம்எம்சி' என்று போட்ட 64 அல்லது 128 ஜிபி லேப்டாப்பை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். அது வேகமும் குறைவு, மாற்றவும் முடியாது.

கேமிங் லேப்டாப் வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமே?

எடையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். லேப்டாப் 2.3 கிலோ, சார்ஜர் அரை கிலோவுக்கு மேல். கூடவே ரெக்கார்டு நோட்டு, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு தினமும் போகிறவர் ஒரு மாதத்தில் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகத் தொடங்குவார். பேட்டரியும் வகுப்பு முடியும் வரை தாங்குவது அரிது. ஹாஸ்டல் அறையில் மேசை மேல் நிரந்தரமாக இருக்கப் போகிறது, படிப்பும் மெக்கானிக்கலோ ஆர்க்கிடெக்சரோ என்றால் கேமிங் லேப்டாப் பொருத்தமானதுதான்.

வாங்கும்போது கார்டின் பெயரோடு நிற்காதீர்கள், அதற்குத் தரும் வாட்டையும் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை விற்கிறார்கள். குறைந்த வாட் கார்டு, அதிக வாட் உள்ள கீழ்நிலைக் கார்டிடம் தோற்கவும் செய்யும். விவரத்தாளில் 'டிஜிபி' என்ற எண்ணைத் தேடுங்கள். அந்த எண்ணைச் சொல்லாமல் மறைக்கும் மாடலைத் தவிருங்கள். ஆர்டிஎக்ஸ் 2050-க்கும், 3050-இன் பழைய வகைக்கும் 4 ஜிபி நினைவகம்தான். 3டி வேலைக்கு 6 ஜிபி வகையைத் தேடுங்கள்.

திரையில் எதைப் பார்க்க வேண்டும்?

நான்கு ஆண்டும் உற்றுப் பார்க்கப் போவது இதைத்தான். ஆனால் கடையில் யாரும் அதிகம் விசாரிக்காததும் இதுவே, தயாரிப்பாளர்கள் காசு மிச்சம் பிடிப்பதும் இங்கேதான். 1920x1080 அல்லது 1920x1200 புள்ளிகள் இருக்க வேண்டும். இரண்டாவதில் உயரம் கொஞ்சம் கூடுதல், பிடிஎஃப் படிக்கவும் நிரல் எழுதவும் வசதி. ஐபிஎஸ் வகை வேண்டும். டிஎன் வகையில் திரையைச் சற்றுச் சாய்த்தால் நிறம் வெளிறும், கடையிலேயே சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

'45 சதவீத என்டிஎஸ்சி' (நிற வீச்சின் அளவு), '250 நிட்ஸ்' (வெளிச்ச அளவு) என்று இருந்தால் அடிமட்டத் திரை. நிரல் எழுத அது தடையில்லை. விஷுவல் கம்யூனிகேஷன், ஃபேஷன், ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்கு '100 சதவீத எஸ்ஆர்ஜிபி' (இன்னொரு நிற அளவு) வேண்டும். இல்லாவிட்டால் லேப்டாப்பில் பார்த்த சிவப்பு ஒன்று, அச்சில் வந்த சிவப்பு வேறொன்று. ஜன்னலோரம், மரத்தடி என்று வெளிச்சத்தில் உட்கார்பவர்களுக்கு 300 நிட்ஸுக்கு மேல்.

பத்து மணி நேர பேட்டரி என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

வெளிச்சத்தைக் குறைத்து வைத்து ஒரே வீடியோவை ஓட்டி எடுக்கும் கணக்கு அது. பேட்டரியின் வாட்-ஹவர் (மின் கொள்ளளவு) எண்ணைப் பாருங்கள். பிரௌசரும் வேர்டும் வைஃபையுமாக வேலை செய்தால் சாதாரண லேப்டாப் மணிக்கு 8 வாட்-ஹவர் போல எடுக்கும். 42 வாட்-ஹவர் என்றால் ஐந்து மணி நேரம். 57 என்றால் ஏழு. இரண்டு ஆண்டில் கொள்ளளவு குறையும் என்பதால் 50-க்கு மேல் உள்ளதைத் தேடுங்கள். டைப்-சி வழியாக சார்ஜ் ஏறும் மாடல் என்றால் இன்னும் நல்லது. சார்ஜரை மறந்தால் நண்பரின் 65 வாட் சார்ஜர் கைகொடுக்கும்.

மேக்புக்?

பேட்டரி, திரை, உழைப்பு மூன்றிலும் மேக்புக் ஏர் அருமையான லேப்டாப். நிரல் எழுதுபவர்களுக்கும் வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கும் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சாலிட்வொர்க்ஸ், கட்டியா, ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ், விவாடோ, பவர் பிஐ டெஸ்க்டாப் ஆகியவை மேக்கில் நேரடியாக ஓடாது. இப்போதைய எம் வரிசை மேக்கில் விண்டோஸைத் தனிப் பகுதியில் போடும் பூட் கேம்ப் வசதியும் கிடையாது. ரேமோ எஸ்எஸ்டியோ பின்னால் வீட்டில் கூட்ட வழியில்லை. 2024 அக்டோபருக்குப் பிறகு ஆப்பிள் ஏர் மாடல்களை 16 ஜிபியிலிருந்து தொடங்குகிறது. பழைய இருப்பில் 8 ஜிபி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், கவனம். மாணவர்களுக்கான விலையை ஆப்பிளின் கல்விக் கடையில் பார்க்கலாம்.

ஸ்னாப்டிராகன் செயலி உள்ள விண்டோஸ் லேப்டாப்புக்கும் இதே எச்சரிக்கை. பேட்டரி நன்றாக நிற்கும். பொறியியல் மென்பொருள்களும் சில லேப் கருவிகளின் டிரைவர்களும் மக்கர் செய்யும்.

பட்ஜெட் இடிக்கிறது. எதை விட்டுக்கொடுக்கலாம்?

விட்டுக்கொடுக்கலாம்: ஐ7, டச் ஸ்கிரீன், கைரேகை, மெட்டல் உடல், 1 டிபி எஸ்எஸ்டி, பேக்லிட் கீபோர்டு. ஹாஸ்டலில் விளக்கை அணைத்த பின் படிப்பவர் என்றால் கடைசியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விடக்கூடாதவை: 16 ஜிபி ரேம் அல்லது அதற்குக் கூட்டும் வழி, ஐபிஎஸ் திரை, என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி, நீங்கள் இருக்கும் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சர்வீஸ் சென்டர். அப்படியும் எட்டவில்லை என்றால், மட்டமான புது லேப்டாப்பைவிட நல்ல பழைய லேப்டாப் மேல்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் வாங்கலாமா?

வாங்கலாம். பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். நிறுவனங்கள் கழித்துப் போட்ட திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் வகைகள் உழைக்கும்படி செய்யப்பட்டவை. கீபோர்டும் கீலும் புது மலிவு லேப்டாப்பைவிட உறுதி.

முதல் எல்லைக்கோடு: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். 6, 7-ஆம் தலைமுறை ஐ7 எவ்வளவு மலிவாக வந்தாலும் விடுங்கள். திங்க்பேட் டி480, எலைட்புக் 840 ஜி5 இரண்டிலும் இரண்டு ரேம் ஸ்லாட் உண்டு. டி490எஸ் வாங்கினால் ரேம் பற்றவைத்தது, கூட்ட முடியாது.

பணம் கொடுக்கும் முன் அங்கேயே பார்க்க வேண்டியவை:

லேப்டாப்பை ரீசெட் செய்து, இணையத்தில் இணைத்து, தொடக்க அமைப்பு வரை போகச் சொல்லுங்கள். ஏதாவது நிறுவனத்தின் பெயரைக் காட்டி அலுவலக மின்னஞ்சல் கேட்டால் அது இன்னும் அந்த நிறுவனத்தின் பூட்டில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம்.

பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். கடவுச்சொல் கேட்டு, கடைக்காரருக்கும் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். திங்க்பேடில் அதை எடுக்க போர்டு வரை போக வேண்டிவரும்.

கமாண்ட் பிராம்ப்ட்டில் 'powercfg /batteryreport' என்று அடித்தால் ஓர் அறிக்கை உருவாகும். 'டிசைன் கெப்பாசிட்டி'யையும் 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி'யையும் ஒப்பிடுங்கள். 50,000-க்கு 30,000 என்று இருந்தால் புது பேட்டரிக்கான தொகையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடமாவது ஓட்டுங்கள். சட்டென்று அணைந்தால் அறிக்கை என்ன சொன்னாலும் பேட்டரி போய்விட்டது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்எஸ்டியின் ஆரோக்கியச் சதவீதத்தைப் பாருங்கள். எல்லா யுஎஸ்பி துளை, எல்லா விசை, கேமரா, வைஃபை ஆகியவற்றையும் சோதியுங்கள். பில் வாங்குங்கள், அதில் சீரியல் எண் எழுதச் சொல்லுங்கள்.

ஆன்லைனா, கடையா? நோ-காஸ்ட் இஎம்ஐ உண்மையிலேயே இலவசமா?

ஆன்லைன் விலையைக் காட்டிக் கடையில் பேசினால், அதே விலை வராவிட்டாலும் பை, மவுஸ், கூடுதல் உத்தரவாதம் என்று ஏதாவது இறங்கி வருவார்கள். ஆன்லைனில் விற்பவரின் பெயரைப் பாருங்கள், பில் ஜிஎஸ்டி எண்ணோடு வரவேண்டும்.

நோ-காஸ்ட் இஎம்ஐயில் வட்டித் தொகையைத் தள்ளுபடியாக முன்பே கழித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். செயலாக்கக் கட்டணமும் சேரலாம். மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்து, ஒரே தவணையில் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி விலையோடு ஒப்பிடுங்கள்.

கல்விக் கடன் எடுப்பவர்கள் விண்ணப்பிக்கும்போதே லேப்டாப் செலவையும் சேர்க்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். படிப்புக்குத் தேவை என்றால் கணினி வாங்குவதற்கும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் இடமுண்டு. கடையின் மதிப்பீட்டுப் பட்டியலை (கொட்டேஷன்) மாணவர் பெயரில் வாங்குங்கள்.

பெட்டி வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிரிக்கும் முன் கைபேசியில் வீடியோவை ஓடவிடுங்கள். பெட்டி, சீல், முகவரிச் சீட்டு, பிறகு லேப்டாப் என்று நிறுத்தாமல் எடுங்கள். பெட்டியிலும் லேப்டாப் அடியிலும் பில்லிலும் உள்ள சீரியல் எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

விண்டோஸைத் தொடங்குவதற்கு முன்பே பயாஸைத் திறந்து பாருங்கள். பல மாடல்களில் எஃப்2, எச்பியில் எஃப்10. ரேம் எவ்வளவு, செயலி எது என்று அங்கேயே தெரியும். கீறல், விரிசல், திரையில் செத்த புள்ளி இருந்தாலும் இந்தக் கட்டத்திலேயே புகார் கொடுங்கள். விண்டோஸ் ஆக்டிவேட் ஆன பிறகு, மாற்றித் தராமல் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

தொடக்க அமைப்பில் உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போடுங்கள். "நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று கடையில் அவர்கள் மின்னஞ்சலைப் போட விடாதீர்கள். காரணம் இரண்டு. லேப்டாப்புடன் வரும் ஆயுள்கால மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும், விண்டோஸ் ஆக்டிவேட் ஆன 180 நாளுக்குள் அதைப் பதியவும் வேண்டும். இன்னொன்று, பல லேப்டாப்புகளில் வட்டு தானாகவே பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பாதுகாப்பு வசதியால் பூட்டப்படுகிறது. என்றாவது பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி முதலில் போட்ட கணக்கில்தான் இருக்கும். அது கடைக்காரர் கணக்கு என்றால் ப்ராஜெக்ட், ரெக்கார்டு எல்லாம் போச்சு. முதல் நாளே கணக்கில் நுழைந்து சாவியை ஒரு தாளில் எழுதிப் பில்லோடு வையுங்கள்.

பிறகு விண்டோஸ் அப்டேட். கூடவே வந்த சோதனைக் கால ஆன்டிவைரஸை நீக்குங்கள், விண்டோஸிலேயே உள்ள டிஃபென்டர் போதும். தயாரிப்பாளர் தரும் ஆப்பில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் இயக்குங்கள். ஹாஸ்டலில் நாள் முழுதும் செருகியே வைப்பவர்களுக்குப் பேட்டரி வீங்காமல் இருக்க இது பெரிய உதவி.

கூடுதல் உத்தரவாதம் எடுக்கலாமா?

மூன்று ஆண்டாக நீட்டிக்க எடுங்கள், தயாரிப்பாளரிடம் நேரடியாக. கடை தரும் தனிக் காப்பீட்டில் விலக்குகள் அதிகம். கீழே விழுந்தாலும் தண்ணீர் கொட்டினாலும் ஈடு செய்யும் விபத்துப் பாதுகாப்பு வேறு, சாதாரண உத்தரவாதம் வேறு. திரை உடைந்தால் சாதாரண உத்தரவாதம் ஒன்றும் தராது. 'ஆன்சைட்' என்றால் ஆள் வீட்டுக்கு வருவார். சிறு ஊர்களில் இருப்பவர்கள், தங்கள் பின்கோடுக்கு அந்தச் சேவை உண்டா என்று முதலில் கேளுங்கள். சீரியல் எண்ணைத் தளத்தில் போட்டு, உத்தரவாதம் பில் தேதியிலிருந்து தொடங்குகிறதா பாருங்கள். முன்தேதி காட்டினால் பில்லை அனுப்பித் திருத்தலாம்.

சார்ஜ் போட்டபடி தொட்டால் லேப்டாப் 'சுருசுரு'வென்று ஷாக் அடிக்கிறது. பழுதா?

மெட்டல் உடல் லேப்டாப்புகளில், குறிப்பாக ஹாஸ்டல்களில், இது அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் குறை பிளக் பாயின்ட்டில்தான். சார்ஜருக்குள் மின் இரைச்சலை அடக்க ஒரு சிறு கெப்பாசிட்டர் உண்டு. அதன் வழியே மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் எர்த் பின் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். சுவரில் எர்த் இணைப்பு இல்லாவிட்டாலும், மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் மாற்றியில் செருகினாலும், அது போக வழியின்றி உடலில் நிற்கும். முழங்கையின் மெல்லிய தோல் பட்டால் உடனே உணர்வீர்கள்.

வேறொரு அறையில், எர்த் உள்ள பாயின்ட்டில் செருகிப் பாருங்கள். நின்றுவிட்டால் லேப்டாப் நலம். வார்டனிடம் எழுதிக் கொடுத்து எர்த் சரிசெய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் அதே அறையில் கெட்டிலோ அயர்ன் பாக்ஸோ பழுதானால் உயிருக்கே ஆபத்து. எர்த் பின்னை உடைத்துச் செருகும் பழக்கம் கூடவே கூடாது. நல்ல பாயின்ட்டிலும் தொடர்ந்தாலோ, உதறும் அளவுக்கு அடித்தாலோ அந்தச் சார்ஜரை அன்றே நிறுத்துங்கள்.

கீல் உடைந்துவிடுகிறதே, ஏன்?

பிளாஸ்டிக் உடல் லேப்டாப்புகளில் கீலைப் பிடிக்கும் திருகுகள், பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளைக் குழாய்களில் இறங்கியிருக்கும். திரையின் ஒரு மூலையைப் பிடித்து ஒற்றைக் கையால் திறந்தால் ஒரு பக்கக் கீல் மட்டும் முறுக்கப்பட்டு, நாளடைவில் அந்தக் குழாய் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வரும். நடுவில் பிடித்துத் திறங்கள். திறக்கும்போது மூலையில் உடல் பிளந்து இடைவெளி தெரிந்தால் அதோடு பயன்படுத்துவதை நிறுத்தி சர்வீஸுக்குக் கொடுங்கள். அப்போதே பார்த்தால் பின்மூடி மாற்றுவதோடு போகும். தள்ளிப்போட்டால் கீலருகே ஓடும் திரைக் கேபிளும் அறுந்து, செலவு பல மடங்காகும்.

மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். பெரும்பாலான மாடல்கள் அடியிலிருந்துதான் காற்றை இழுக்கின்றன. மெத்தை துளையை அடைத்தால் சூடு ஏறி, செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு பரீட்சை அட்டையை அடியில் வைத்தாலே போதும்.